மாப்பிள்ளை சொன்ன இரண்டாவது வரி

1

என் கையெழுத்துக்காக முதலில் மன்னித்துவிடுங்கள். ஸ்ரீரங்கத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இந்த நாற்பத்தொன்பது வயதிலும் எனக்குத் தகராறுதான். ஒற்று வர வேண்டிய இடத்தில் விட்டுப் போயிருக்கும், வேண்டாத இடத்தில் வந்து நிற்கும். இதை அச்சுக்குத் தட்டுகிறவர் தயவுசெய்து திருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்தில் யார் கையால் எழுதுகிறார்கள், போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமே என்று என் மனைவி சொல்கிறாள். வாயைத் திறந்து சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதை மறுபடியும் வாயிடமே எப்படிக் கொடுப்பது?

நான் சிங்கப்பூருக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பெரிய சமையல் கூடத்தில் வேலை. தொழிலாளர் விடுதிகளுக்கும் கேன்டீன்களுக்கும் இங்கிருந்துதான் சாப்பாடு போகிறது. விடியுமுன் முதல் பஸ் பிடித்துப் போய், சாம்பார் அண்டாக்களுக்கு முன்னால் நின்று, சாயங்காலம் வீடு திரும்புவேன். மனைவி இங்கேயே பிறந்தவள். மகள் திவ்யாவும் அப்படித்தான். அவளுக்குத் தமிழ் புரியும். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சின்ன வயதில் இரண்டு மொழியையும் கலந்து பேசினாள். பிறகு தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எந்த வருடத்திலிருந்து என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அரசாங்கத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்களை அவள்தான் படித்து, இணையத்தில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, "அப்பா, இங்க கை வைங்க" என்று கட்டைவிரலைப் பிடித்துத் திரையில் அழுத்துவாள். அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்வாள். மற்றபடி அவள் ஆங்கிலத்தில் பேசுவதை இங்கே நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு கம்பெனியில் பயிற்சி வேலைக்கு இன்டர்வியூ போவதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தன் போனில் இருந்த கேள்விகளை எனக்குப் புரியவைத்து, மேனேஜர் மாதிரி தமிழில் கேட்கச் சொன்னாள்.

"உன் பலவீனம் என்ன?" என்று கேட்டேன்.

எடுத்த வேலை சரியாக வரும்வரை விடமாட்டேன், அதனால் மற்றவர்களைவிட எனக்கு நேரம் அதிகம் ஆகும், அதுதான் என் பலவீனம் என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள்.

"இது பெருமை மாதிரியில்ல இருக்கு?"

"அதுதான்ப்பா ட்ரிக்!" என்று சிரித்தாள். பிறகு, "நீங்க இன்டர்வியூ போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"போனதில்ல. கேக்குற பக்கம் உட்கார்ந்திருக்கேன்."

"நிஜமாவா? அப்போ ரொம்ப டிரிக்கியான கேள்வி எது, சொல்லுங்க."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

2

விஷயம் போன தை மாதம் நடந்தது. எங்கள் கூடத்துக்குப் பரோட்டா பகுதியில் நான்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சியில் ஓர் ஏஜென்ட் மூலமாக ஆள் எடுப்பது என்று முடிவானது. எங்கள் மேனேஜர் ஜேசன் சீனர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. ஏஜென்ட் வைத்த மொழிபெயர்ப்பாளர் முன்பு ஒருமுறை எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" என்றே மாற்றிச் சொல்லிக் குழப்பிவிட்டாராம். நான் அந்தச் சமயத்தில் லீவில் ஸ்ரீரங்கம் போவது தெரிந்து, "நீ என் பக்கத்தில் உட்கார். அவர்கள் சொல்வதை அப்படியே சொல். கூட்டாதே, குறைக்காதே. சொந்தக்காரர் யாராவது வந்தால் முதலிலேயே என்னிடம் சொல்லிவிடு" என்றார்.

என் ஆங்கிலம் சமையலறை ஆங்கிலம். கேன், கெனாட், ஹாட், மோர் சால்ட். ஆனாலும் சரி என்றேன். நாற்காலியில் உட்காரும் வேலை எனக்கு வாழ்க்கையில் அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில் என் தங்கை செல்வி இருக்கிறாள். அவள் கணவர் ரெங்கராஜ். எங்கள் அப்பா அம்மா போனபிறகு அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான். மாப்பிள்ளை சின்ன வயதில் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கினார். அதில் முதுகு போய்விட்டது. பிறகு பரோட்டா கற்றுக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் மாஸ்டராக இருந்தார். அந்த மெஸ்ஸை மூடிவிட்டார்கள். மாதக்கணக்காக வீட்டில் இருந்தார். செல்வி மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்று புடவை விரித்துக் காட்டுகிறாள்.

நான் ஊருக்குப் போய் இறங்கிய அன்றே செல்வி தனியாகக் கேட்டாள். "அண்ணே, நீதானே உள்ள உட்காரப் போற? அவருக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் வெறும் பேச்சை மாத்திச் சொல்றவன்மா. எடுக்கிறது அவங்கதான்."

"அதான் தெரியுமே. ஒரு வார்த்தைதானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மாப்பிள்ளை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டார். பெண் கொடுத்த வீட்டு மச்சானிடம் போய் வேலைக்குச் சிபாரிசு கேட்பது அவருக்கு ஆகாது. அதனால் அவர் வரமாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டு, ஜேசனிடமும் சொல்லாமல் விட்டேன்.

3

ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜின் சின்ன ஹாலில் இன்டர்வியூ நடந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, ஜேசனுக்கும் எனக்கும். அந்தப் பக்கம் நாற்காலி கிடையாது. வந்தவர்கள் நின்றுகொண்டே பதில் சொன்னார்கள். முதலில் எனக்கு அது உறுத்தியது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் பழகியதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஜேசன் கேட்டவை எல்லாம் திவ்யாவின் போனில் இருந்த அதே மாதிரிக் கேள்விகள்தான்.

மணப்பாறைப் பக்கத்துப் பையன் ஒருவன் முதலில் வந்தான். "உங்க பலவீனம் என்னன்னு கேக்குறாரு" என்றேன்.

"சத்தியமா எதுவும் இல்லண்ணே. போன வாரம்தான் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்தேன். காட்டட்டுமா?"

கதவோரம் நின்ற ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். வரிசையில் நின்றவர்களுக்கு என்ன பாடம் எடுத்தாரோ, அடுத்து வந்தவர் கேள்வி முடியுமுன்பே, "வேலைன்னு வந்துட்டா நான் சாப்பாட்டையே மறந்துடுவேன், அதாங்க என் பலவீனம்" என்றார். அதற்கடுத்தவரும் சாப்பாட்டை மறந்தார். மூன்றாவது ஆளும் மறந்தபோது ஜேசன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "திருச்சியில் யாருமே சாப்பிடுவதில்லையா?" என்று என்னைக் கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். நின்றுகொண்டிருந்தவர் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் தானும் சிரித்தார்.

"வெளியே நிற்கிறவரை விட்டுவிட்டு உங்களை ஏன் எடுக்க வேண்டும்?" இது இன்னொரு கேள்வி. துறையூர்க்காரர் ஒருவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெளியில நிக்கிறவரும் நல்ல கைதாங்க. முடிஞ்சா ரெண்டு பேரையும் எடுத்துக்கங்க." அப்படியே மாற்றிச் சொன்னேன். ஜேசன் அவர் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டார். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்னொருவன் காதில் விழும்படி, அவனைவிட நான் உசத்தி என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. இதை ஜேசனுக்கு விளக்க வேண்டும் என்று தோன்றியது. கூட்டாதே என்று சொல்லியிருக்கிறாரே என்று இருந்துவிட்டேன்.

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்க முடியுமா? எல்லோரும் முடியும் என்றார்கள். என் சுண்டுவிரல் மாதிரி இருந்த ஒருவர், "ரெண்டா வேணும்னாலும் தூக்குவேன்" என்றார். எங்கள் கூடத்தில் மூட்டையை யாரும் முதுகில் தூக்குவதில்லை, தள்ளுவண்டி இருக்கிறது. புதிதாக ஏதாவது மாற்றப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

4

ஏஜென்ட் "ரெங்கராஜ்" என்று கூப்பிட்டார். ஸ்ரீரங்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ரெங்கராஜ். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்த கால்களைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன்.

மாப்பிள்ளை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முதுகு வளையாமல் விறைப்பாக நின்றார். சட்டைக்குள் இடுப்பு பெல்ட் கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த பெல்ட்டை இரண்டு லீவுக்கு முன்னால் நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

என் உடம்பு என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது. "வாங்க மாப்பிள்ளை" என்று வாயும் சொல்லிவிட்டது. என் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டேன்.

"நீங்க உட்காருங்க மச்சான்" என்றார் மெதுவாக.

"இல்லைங்க, நீங்க உட்காருங்க."

"மச்சான், இது ஆபீசு. உட்காருங்க."

வீட்டு மாப்பிள்ளை நிற்க நான் எப்படி உட்காருவது? எங்கள் அப்பா அவர் தெருமுனையில் வருவது தெரிந்தாலே எழுந்து துண்டைச் சரி செய்வார். இரண்டு பேரும் உட்காரவில்லை. நடுவில் நாற்காலி காலியாக இருந்தது. ஏஜென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைப் பார்த்தார்.

ஜேசன் என்னையும் அவரையும் பார்த்தார். "யார் இவர்?"

"மை சிஸ்டர் ஹஸ்பண்ட், பாஸ்."

அவர் கோபப்படவில்லை. முன்னமே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்கவில்லை. "நல்லது. அப்படியென்றால் இவரைக் கேட்க மாட்டேன். உன்னைக் கேட்கிறேன். உனக்கு இவரைத் தெரியும். இவரால் மூட்டை தூக்க முடியுமா?"

அப்படி ஒரு கேள்வி என் பக்கம் திரும்பும் என்று நான் நினைக்கவே இல்லை. முடியும் என்று சொன்னால் பொய். அங்கே வந்து முதுகு விழுந்தால் செல்விக்கு யார் பதில் சொல்வது? முடியாது என்று சொன்னால், வீட்டு மாப்பிள்ளையின் குறையை, அவரை நிற்க வைத்துக்கொண்டு, வெளி ஆளிடம் நானே சொன்னதாகும். நான் பேசாமல் நின்றேன். ஊரில் அப்படிப் பேசாமல் இருந்தால் மரியாதை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த மேஜைக்கு முன்னால் அது பதிலாக ஆகிக்கொண்டிருந்தது.

"என்ன கேக்குறாரு மச்சான்?"

"மூட்டை தூக்க முடியுமான்னு கேக்குறாரு."

"அதை என்கிட்டல்ல கேக்கணும். உங்ககிட்ட ஏன் கேக்குறாரு?"

நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. என்னைச் சங்கடத்திலிருந்து எடுத்துவிடுகிற மாதிரி அவரே சொன்னார்.

"முதுகு முடியாதுன்னு சொல்லிடுங்க மச்சான், பரவால்ல. ஆனா கல்லு முன்னாடி நின்னா ஒரு நாளைக்கு ஐந்நூறு பரோட்டா போடுவேன், ஒண்ணுகூடத் திரும்பி வராது, அதையும் சொல்லிடுங்க."

நான் ஜேசனைப் பார்த்து, "பேக் நோ குட், பாஸ்" என்றேன்.

ஜேசன் தலையாட்டினார். அடுத்த காகிதத்தை எடுத்தார்.

இரண்டாவது வரி என் வாயில் இருந்தது. கல்லுக்கு என்ன ஆங்கிலம் என்று தேடினேன். திரும்பி வராது என்பதை எப்படிச் சொல்வது என்று தேடினேன். வார்த்தை கிடைக்கவில்லை என்பது பாதிதான் உண்மை. சொந்தக்காரனுக்காகக் கெஞ்சுகிறான் என்று ஜேசன் நினைத்துவிடுவாரோ என்பது மீதி. அதற்குள் ஏஜென்ட் அடுத்த பெயரைக் கூப்பிட்டார், அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். நான் உட்கார்ந்தேன். ஆமாம், மாப்பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருக்கும்போதே உட்கார்ந்தேன்.

அவர் ஜேசனைப் பார்த்துக் கும்பிட்டார். "வரேன் மச்சான். மத்தியானம் சாப்பிட வந்துடுங்க, செல்வி சமைக்கிறா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

5

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் அது இன்னும் பெரிய பேச்சாகும். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன்.

செல்வி கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சமைத்திருந்தாள். இலை போடும்போதே, "என்னாச்சு? ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க?" என்றாள்.

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். மாப்பிள்ளைதான் சொன்னார்.

"கிடைக்கல செல்வி. அவங்களுக்கு மூட்டை தூக்கற ஆளுதான் வேணுமாம். ஆனா மச்சான் எனக்காக எவ்வளவு பேசினாரு தெரியுமா? அந்த ஆபீசரை வாயைத் திறக்க விடல. இங்கிலீசு அப்படியே கொட்டுது."

"யாரு, எங்க அண்ணனா? பள்ளிக்கூடத்துல பேரைக் கேட்டாலே வாயில கொழுக்கட்டை வச்சிருக்கிற மாதிரி நிக்கும்!"

"அதெல்லாம் அந்தக் காலம். இன்னிக்கு நீ பாத்திருக்கணும். எனக்காக எழுந்து நின்னு நாற்காலி போட்டாரு, அத்தனை பேரு முன்னாடி."

செல்வி என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதானே கேட்டேன் என்று எழுந்து போனபோது பார்த்த பார்வை இல்லை இது. கண் கலங்கியிருந்தது. "வேலை கிடைக்காட்டி போகுதுண்ணே. நீ பேசினியே, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே இலையில் இன்னும் ஒரு கரண்டி வத்தக்குழம்பை ஊற்றினாள்.

"மச்சானுக்கு அப்பளம் வை" என்றார் மாப்பிள்ளை.

நான் இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டின் ருசிகூட எனக்கு நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை.

6

சித்திரையில் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். மணப்பாறைப் பையனும் வந்தான். நல்ல பிள்ளை, என்னை அண்ணே அண்ணே என்று சுற்றி வருவான். ஆனால் அவன் போடும் பரோட்டா ஆறினால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். கேன்டீன்களிலிருந்து தட்டு தட்டாகத் திரும்பி வந்தது.

ஒருநாள் இடைவேளையில் ஜேசன் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். நான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்த அந்த இரண்டாவது வரியை அன்றைக்கு அவரிடம் சொன்னேன். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் முழுதாகச் சொன்னேன்.

அவர் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை ஏன் இப்போது சொல்கிறாய்?"

"அவர் அன்றைக்கே சொன்னார், பாஸ். நான்தான் சொல்லவில்லை. மூட்டை தூக்க முடியாது என்று ஆனபிறகு..."

"மூட்டைக்குத் தள்ளுவண்டி இருக்கிறதே. தினமும் நீதானே தள்ளுகிறாய்" என்றார். பிறகு சொன்னார்: "அந்தக் கேள்வியில் மூட்டை இல்லை. கேட்டவுடன் ஒருவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அதைக் கேட்பேன். எல்லோரும் முடியும் முடியும் என்றார்கள். உன் மாப்பிள்ளை ஒருவர்தான் உண்மை சொன்னார். அதற்குமேல் நீ ஒன்றும் சொல்லாததால், அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்று நினைத்தேன்."

இப்போது இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் எழுந்து போனபிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திவ்யா என்னிடம் கேள்வி கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, இல்லாத பாலைப் பார்க்கப் போனவன் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "ஒரே ஒரு லைன்தானேப்பா?" என்றாள். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அந்த ஒரு வரி எனக்கு ஏன் வரவில்லை என்பதை அவளுக்குப் புரிகிற மொழியில் என்னால் சொல்ல முடியவில்லை. "மாமாகிட்ட சொல்லுங்க" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

சொல்ல ஒரு மாதம் ஆகிவிட்டது. நேற்றுத்தான் கூப்பிட்டேன். மாப்பிள்ளை இப்போது திருவானைக்காவலில் ஒரு சாலையோரக் கடையில் சாயங்காலம் மட்டும் பரோட்டா போடுகிறார். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் அந்த ஹாலில் நடந்ததைச் சொன்னேன், ஜேசன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"மச்சான், நான் அவ்வளவு நீளம் பேசினேன். நீங்க நாலு வார்த்தையில முடிச்சிட்டீங்க. அதுக்குள்ள ஐந்நூறு பரோட்டா எப்படி அடங்கும்? எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா செல்விகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தானே."

"இதை எழுதலாம்னு இருக்கேன் மாப்பிள்ளை. ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பலாம்னு. நீங்க வேணாம்னா விட்டுடறேன்" என்றேன்.

"எழுதுங்க, எழுதுங்க. செல்விகிட்ட நானே முன்கூட்டிச் சொல்லிக்கிறேன்" என்றார். வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. "ஆனா மச்சான், அந்த வரியை இந்தத் தடவையும் விட்டுடாதீங்க."

விடவில்லை மாப்பிள்ளை. ஸ்ரீரங்கம் ரெங்கராஜ் கல்லுக்கு முன்னால் நின்றால் ஒரு நாளைக்கு ஐந்நூறு பரோட்டா போடுவார். ஒன்றுகூடத் திரும்பி வராது.

சிங்கப்பூர்,
ஆடி பதினெட்டு.